ரஹ்மத் அக்காவின் இரண்டாவது ஸ்லைடு

ரஹ்மத் அக்கா இறந்த செய்தியை அவள் தம்பி எங்கள் மலேரியா ஆபீஸ் வாசலில் நின்றே சொன்னான். "அக்கா மவுத்தாயிட்டா. லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்." உள்ளே வரவில்லை. என் முன்னால் ரத்தப் பரிசோதனைப் பதிவேடு விரிந்து கிடந்தது. மூன்று நாள் முன்பு அவள் பெயருக்கு நேராக "கிருமி இல்லை" என்று எழுதியவள் நான்.

தென்காசியில் ரத்தப் பரிசோதனைக்கு அவளிடம் விரல் நீட்டிய நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு குத்தலுக்கு இரண்டு கண்ணாடி ஸ்லைடு எடுப்பாள். "ஒண்ணு ஆபீசுக்கு, ஒண்ணு நமக்கு" என்பாள். இரண்டாவதை, கிருமியைக் காட்டும் சாயம் ஏற்றாமல் இழுப்பறையில் வைப்பாள், சந்தேகம் வந்தால் திரும்பப் பார்க்க.

நான் வேலைக்குச் சேர்ந்த வாரம், மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் புரியாமல் விழித்தேன். அக்கா பக்கத்தில் வந்தாள்.

"ஏட்டி, நடுவுல என்னத்தத் தேடுத? ஓரத்தைப் பாரு."

சிவப்பணுவின் விளிம்பில் ஒரு நீல மோதிரம் ஒட்டியிருந்தது. அதுதான் மலேரியாக் கிருமி. கொசு கடித்ததும் கிருமி ஈரலில் மறைந்து பெருகும். பிறகு ரத்தத்துக்கு வந்து அணுவில் ஒட்டும், உள்ளே புகும், தின்று பெருகி அதை உடைத்துக்கொண்டு அடுத்ததைத் தேடும். அணு கிழியாமல் எப்படிப் புகுகிறது என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? நீதான் ஊர்ப்பட்ட புஸ்தகம் படிக்கியே, கண்டுபிடிச்சுச் சொல்லு."

இந்தச் சாரல் மழைக்காலத்தில், சாயத்துக்கான தண்ணீரின் புளிப்பைச் சரிசெய்யும் மாத்திரை தீர்ந்துபோனது. எங்கள் அதிகாரி குற்றாலத்திலிருந்து அருவித் தண்ணீர் வரவழைத்தார்.

"இதைவிடச் சுத்தமான தண்ணி உண்டா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"குளிக்க நல்லாருக்கும் சார். இது மலையில இலை மக்கி வார தண்ணி. அணு சிவந்துரும், கிருமியில நிறம் பிடிக்காது. அரை நாள் லீவு தாங்க, திருநெல்வேலி போயி மாத்திரை வாங்கிட்டு வாரேன்."

"மலேரியா ஒழிஞ்சுட்டுன்னு மேல எழுதியாச்சு. நீ எதுக்கும்மா தேடிக்கிட்டே இருக்க?"

லீவு கிடைக்கவில்லை. பேசியதற்குத் தண்டனையாக, லாரிக்காரர்களிடம் ரத்தம் எடுக்க அவளைக் கேரள எல்லையில் உள்ள புளியறைச் சோதனைச்சாவடிக்கு அனுப்பினார். இரண்டு வாரத்தில் காய்ச்சலோடு திரும்பினாள்.

தன் விரலைத் தானே குத்தி, இரண்டு ஸ்லைடு எடுத்துத் தம்பியிடம் கொடுத்தனுப்பினாள். ஒன்றை இழுப்பறையில் வைத்துவிட்டு, மற்றதை அருவித் தண்ணீரில் சாயமேற்றினேன். அவள் சொன்னதையெல்லாம் கேட்டிருந்தும் ஏற்றினேன். அதிகாரி எதிரே நின்றார். நூறு இடம் பார்த்தேன். எல்லாம் ஒரே சிவப்பு. பயந்துகொண்டு "இல்லை" என்று எழுதினேன். அந்த முடிவை நம்பி, அவளைப் பார்த்த டாக்டர் கொடுத்துவந்த மலேரியா மாத்திரையை நிறுத்திவிட்டு டைபாய்டுக்கு மருந்து கொடுத்தார்.

அடக்கத்துக்கு மறுநாள் யாரிடமும் கேட்காமல் பஸ் ஏறினேன். திருநெல்வேலியில் சாயத் தண்ணீருக்கான மாத்திரை வாங்கிக்கொண்டு மதியத்துக்குள் திரும்பிவிட்டேன். அரை நாள். அவள் கேட்ட அதே அரை நாள்.

சரிசெய்த தண்ணீரில் சாயமேற்றிய இரண்டாவது ஸ்லைடில், பார்த்த இடமெல்லாம் விளிம்பில் ஒட்டிய மோதிரங்கள். அதிகாரியை அழைத்துக் காட்டினேன். "தூசியா இருக்கும்மா" என்றார். இரங்கல் கூட்டத்தில் கண்கலங்கி, ஏதோ விஷக் காய்ச்சல் என்று உங்களிடம் சொன்னவரும் அவர்தான்.

அது மலேரியா. பதிவேட்டில் "இல்லை" என்பதை அடித்து, "உண்டு" என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். ஸ்லைடை ஒப்படைக்கும்படி இரண்டு முறை உத்தரவு வந்துவிட்டது. ஆபீசுக்கு உரிய முதல் ஸ்லைடை, முடிவு எழுதிய அன்றே கொடுத்துவிட்டேன். என்னிடம் இருப்பது அவள் நமக்கென்று எடுத்தது. தர மாட்டேன்.