விற்றவரின் வக்கீல்

1995 தை மாதம் சூலூர்ப் பக்கம் வீடு கட்ட ஒரு நிலம் பார்த்தோம். மில்லிலிருந்து ஓய்வு பெறுவதற்குள் சொந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. நிலத்துக்காரர் தன் அண்ணன் தோட்டத்து வண்டித்தடம் வழியாக எங்களை அழைத்துப் போய்க் காட்டினார்.

பத்திரத்தை எங்கள் தரப்பில் ஒரு வக்கீலிடம் காட்டலாம் என்றேன். நிலத்துக்காரர் சிரித்தார்.

"எதுக்குங்க அம்மணி ரெண்டு வக்கீலு? நம்ம வக்கீலே உங்களுக்கும் பாத்துருவாருங்க."

வெளியே வந்ததும் என் கணவர், "இன்னொருத்தருகிட்டப் போனா அவரைச் சந்தேகப்படறாப்ல ஆயிரும். அப்பறம் அவரு மூஞ்சில எப்படி முழிக்கறது?" என்றார். நானும் சரி என்றுவிட்டேன்.

பங்குனியில் கிரயம் முடிந்தது. செங்கல் ஏற்றிக்கொண்டு லாரி போன அன்று, தடத்தின் குறுக்கே கம்பி வேலி நின்றது.

"தடம் என்னோட பூமிங்க. தம்பி அவன் நிலத்தைத்தானுங்க வித்தான்" என்றார் அண்ணன்.

அந்த வக்கீலிடம் ஓடினோம். உட்காரவைத்து, காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நான் அவருக்கு வக்கீலுங்க. பத்திரத்துல வழி எழுதலைன்னு எனக்குத் தெரியும். நீங்க கேக்கலீங்களே."

வழி கேட்டு நாங்கள் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. என் கணவர் சிங்காநல்லூர் வாடகை வீட்டிலேயே போன ஐப்பசியில் காலமானார். செங்கல் வேலிக்கு வெளியே பாசி பிடித்துக் கிடக்கிறது.

இப்போது உறவில் யார் நிலம் வாங்கினாலும், விற்பவருக்கு அறிமுகமே இல்லாத ஒரு வக்கீலிடம் நானே கூட்டிப் போகிறேன். நிலத்துக்குப் போகும் தடம் யாருடையது என்று முதலில் கேட்கச் சொல்கிறேன். விற்பவர் மூஞ்சியில் முழிப்பதில் எனக்கு இப்போது சங்கடம் எதுவும் இல்லை.