அக்காவின் மாத்திரையும் என் பிரஷர் நோட்டும்

நிபோங் திபாலில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் போட்டு, பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடச் சொன்ன புத்திசாலி நான்தான். நான் டாக்டர் இல்லை. ஜார்ஜ்டவுனில் கணக்கெழுதும் ஒரு ஆபீஸ் கிராணி. ஆதாரம், நானே எழுதிய ஒரு நோட்டு.

எனக்கும் பிரஷர் கொஞ்சம் கூடுதல் என்று, ஒரு மாதம் வீட்டில் அளந்து எழுதி வரச் சொல்லியிருந்தார்கள் கிளினிக்கில். முதல் இரண்டு வாரம் எண்கள் பயமுறுத்தின. பிறகு தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க விரதம் தொடங்கினேன். மளமளவென்று இறங்கின. ஆட்டுக்கறிதான் குற்றவாளி என்று தீர்ப்பெழுதி, நாலாம் நாளே அக்காவை அழைத்துவிட்டேன்.

"கறிய விட்டா போதும்க்கா, மாத்திரையே வேணாம் லா. நோட்டுல இருக்கு."

"ம்," என்றாள்.

பத்து நாள் கழித்து கிளினிக்கில் நர்ஸ் நோட்டைப் புரட்டினாள்.

"அண்ணே, முதல் ரெண்டு வாரம் எப்ப அளந்தீங்க?"

"வேலை விட்டு வந்ததும். லிஃப்ட் ரோசாக், ஓடல, நாலு மாடி ஏறித்தான் வரணும்."

"சட்டை மேலயா?"

"ஆமா, முழுக்கை."

"விரதத்துல?"

"லீவுதானே. காலையில குளிச்சி, சாமி கும்பிட்டு, வெறும் மேலோட உக்காந்து..."

"பியர் குடிச்சீங்களா?"

"ஐயையோ, விரதத்துலயா!"

"அப்ப எறங்கினது கறியாலயா, பியராலயா, லீவாலயா, மாடிப்படியாலயா, சட்டையாலயா?"

கறி தனியாக வெளியேறியிருந்தால் பிடித்திருக்கலாம். போகும்போது பியரையும் ஆபீஸையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. அளந்த விதமோ அதற்குள் தானே மாறிப்போயிருக்கிறது. வீடு நிறையப் புத்தகம் வாங்கி அடுக்கிப் படித்து என்ன பயன், இது தோன்றவில்லையே? ஐந்து நிமிடம் உட்காரவைத்து, வெறும் கையில் அவள் அளந்தாள். வந்த எண் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

"அப்ப என் பிரஷர் எதும்மா?"

"தெரியலண்ணே. மறுபடி எழுதுங்க. ஒரே நேரம், ஒரே மாதிரி."

அப்போதுதான் உறைத்தது. என் பேச்சைக் கேட்டுப் பத்து நாளாக மாத்திரை இல்லாமல் அக்கா! கிளினிக் வாசலிலேயே நின்று அழைத்தேன்.

"அக்கா, மாத்திரைய உடனே போடு! நான் சொன்னது தப்பு!"

"எந்த மாத்திரை? காலையிலேயே போட்டுட்டேனே."

"நிறுத்தச் சொன்னேனேக்கா!"

"அப்படியா சொன்ன? நீ பேச ஆரம்பிச்சாலே ஸ்பீக்கர்ல போட்டுட்டு நான் வெங்காயம் உரிக்கப் போயிடுவேன்டா."