செருப்பு வண்டு

எண்பத்து மூன்று ஆடியில் மலைநாட்டிலிருந்து நாங்கள் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது என் கணவரின் வலது கையில் பெரிய கட்டு இருந்தது. தேயிலைத் தோட்டம் ஒன்றில் அவர் கிளாக்கர். கலவரத்தில் எங்கள் வீட்டுக்கு நெருப்பு வைத்த அன்று பின்பக்க யன்னல் கண்ணாடியைக் கையால் உடைத்துத்தான் என்னை வெளியே இறக்கினார். வட்டுக்கோட்டையில், என் பெற்றோர் வீட்டில் இருந்தபோது காயம் ஆறியது. ஆனால் நடுவிரலும் மோதிர விரலும் அதன்பிறகு மடங்கவில்லை.

பேச்சும் குறைந்து போனது. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். என் ஐயா ஏதும் கேட்டால் "ஓம்" என்பார். மற்ற நேரமெல்லாம் கிணற்றடி வாழைகளைப் பார்த்தபடி கதிரையில் இருப்பார்.

மலையில் அவர் அப்படி இருந்தவரல்ல. ஞாயிறு விடிந்தால் தூண்டில் தடியோடு ஆற்றுக்குப் போய்விடுவார். வெள்ளைக்காரர்கள் எப்போதோ கொண்டுவந்து விட்ட ட்ரவுட் என்ற புள்ளி மீன் அந்தக் குளிர்ந்த தண்ணீரில் இருந்தது. வெயில் நாட்களில் ஆறு மெலிந்து ஓடும்போது, மரத்திலிருந்து தவறி விழும் வண்டுகளுக்காக அது மேலே பார்த்துக்கொண்டே நிற்குமாம். அதனால் அவர் புழுக் குத்துவதில்லை. மிதக்கிற ரப்பர் துண்டை வண்டு போல வெட்டி, தூண்டில் முள்ளில் வைத்து நூலால் சுற்றி, சேவல் இறகு கட்டி, தண்ணீருக்கு நோகாமல் விழும்படி எறிவார். முப்பது வயது மனிதர் பொம்மை வண்டு செய்கிறாரே என்று எனக்கு அப்போது சிரிப்பாக இருக்கும். அந்தத் தடியும் பெட்டியும் வீட்டோடு எரிந்து போயின.

மாரி தொடங்கியிருந்த நேரம், என் ரப்பர் செருப்பின் வார் அறுந்தது. குப்பைக்குள் போடப் போனேன்.

"உதை எறியாதையும்," என்றார்.

அவராக வாய் திறந்து எத்தனை நாளாகியிருந்தது! செருப்பை வாங்கி, அடிப்பாகத்தை நசுக்கிப் பார்த்து, கிணற்றுத் தொட்டிக்குள் போட்டார். அது மிதந்தது. அன்று பின்னேரமே பிளேட்டால் அதை வெட்டத் தொடங்கிவிட்டார். கடையில் வாங்கிவந்த தூண்டில் முள்ளை ஐயாவின் குறட்டில் இறுக்கி, குறட்டின் பிடியைச் சைக்கிள் டியூப் வளையத்தால் கட்டிக்கொண்டார். வெட்டுவது சரியாக வந்தது. நூல் சுற்றுவதுதான் வரவில்லை. இரண்டு சுற்றுச் சுற்றுவார், நூல் கழலும். திரும்பவும் சுற்றுவார், திரும்பவும் கழலும். கடைசியில் எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"என்ரை விரல் சொல்லுக் கேக்குதில்லை."

"இருங்கோப்பா, நான் சுத்திப் பாக்கிறன்," என்றேன். மீனுக்காக அல்ல, அவர் திரும்பக் கதிரைக்குப் போகக்கூடாது என்பதற்காக.

அவர் நூலை என் கையில் தந்தார். பிறகு வந்து பக்கத்தில் இருந்தார்.

"பூக் கட்டுறமாதிரித்தான். ஆனா இன்னும் இறுக்கும். ரப்பர் நசுங்க வேணும், அறக்கூடாது."

முதல் வண்டு கவிழ்ந்து மிதந்தது. இரண்டாவது மூழ்கியே போனது. இறகுக்காக அம்மாவின் சிவத்த சேவலைக் கலைத்ததில் ஒரு பூச்சட்டி உடைந்தது. அம்மா ஏசினாள். வண்டுக்குச் சப்பாத்துப் பொலிஷ் பூசிக் கறுப்பாக்கினோம். உள்பாவாடை லாஸ்டிக் துண்டுகளில் அதற்குக் கால் வைத்தோம். நிமிர்ந்து மிதந்த வண்டைக் கண்டதும் அவர் என் தலையில் மெல்லத் தட்டினார்.

வயல் நடுவில் இருந்த குளத்தில் விரால் உண்டு. தவளைக்கும் தும்பிக்கும் மேலே வந்து பாயும் மீன் அது. மூங்கில் தடி எடுத்து, பருத்தி நூலை முறுக்கி மெழுகுதிரி தேய்த்து, நுனியில் தங்கூசி என்ற நைலோன் நரம்பை முடிந்து, இருவரும் போனோம். வலது கையால் தடி பிடிக்க முடியாமல் இடது கையால் எறியப் பழகினார். வண்டு வடலிப் பனையில் மாட்டியது, அவருடைய சேட்டில் மாட்டியது, ஒருமுறை என் கொண்டையிலும் மாட்டியது. களை பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்ன தம்பி, செருப்பாலையோ மீன் பிடிக்கிறியள்?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"ஓம் அண்ணை. செருப்படி வாங்கின மீன் ஓடாதெல்லோ," என்றார் இவர்.

வயல் முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவர் பகிடி விட்டதை நம்ப முடியாமல் நின்றேன்.

இப்படிப் பல நாள் போய்வந்த பிறகு ஒரு பின்னேரம், தாமரை இலை ஓரத்தில் கிடந்த வண்டுக்குக் கீழே தண்ணீர் வெடித்தது. தடி வளைந்தது. இடது கை ஒன்றால் அவருக்குத் தாங்க முடியவில்லை.

"இஞ்சாரும்! ஓடி வாரும்! தடியைப் பிடியும்!"

நான் சேலையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கித் தடியைப் பிடித்தேன். அவர் நூலை இழுத்தார். ஒரு முழ நீளமான விரால், சேற்றை எங்கள் முகமெல்லாம் அடித்துக்கொண்டு கரைக்கு வந்தது. அவர் கத்திய கத்தலில் களை பிடுங்கியவர்கள் எல்லாரும் ஓடி வந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அன்று வெள்ளிக்கிழமை என்பது தெரிந்தது. அம்மா வாசலிலேயே மறித்தாள். மீனைத் தொட்டிக்குள் விட்டோம். மறுநாள் காலை அம்மா அரிவாளோடு வர, இவர் தொட்டிக்கட்டில் இருந்துகொண்டு அவளுக்கு ஆற்றைப் பற்றிச் சொன்னார். குளிரை, புள்ளி மீனை, சின்ன மீனைத் திரும்ப விட்டுவிடும் வழக்கத்தை. அம்மா கடைசி வரை கேட்டாள்.

"நல்ல வழக்கம்தான் தம்பி. உது சின்ன மீன் இல்லை," என்றுவிட்டு வெட்டத் தொடங்கினாள்.

அடுத்த கிழமை அந்த வயல்காரப் பெரியவர் ஒரு சிவப்புச் செருப்போடு படலையில் நின்றார். "எனக்கும் ஒண்டு கட்டித் தா பிள்ளை." தைப்பொங்கலுக்குப் பிறகு இவர் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். எழுத்தையும் இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

இரண்டு மாரி அப்படிப் போனது. அதற்குள் நானும் எறியப் பழகியிருந்தேன். பிறகு இராணுவ ஹெலிகொப்டர் பறந்து சுடத் தொடங்கியது. மறைப்பில்லாத வயல்வெளியில் தடியோடு நிற்க யாருக்கும் துணிவு வரவில்லை. குளத்தை ஒழுங்கைப் பாதையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவோம்.

அந்த இரண்டு மாரியையும் இன்றைக்கும் நினைப்பேன். நெல்லுப் பால் பிடிக்கிற மணம் வரும். மழைக்கோடு தூரத்தில் நிற்கும். இவர் காற்சட்டையை மடித்துவிட்டு வரம்பில் நின்று, இலை ஓரத்தைக் கையால் காட்டி, "அதிலை, அதிலை, மெல்ல எறியும்" என்பார். நான் எறிவேன்.