உறை தேய்த்த நீலம்

2005, அக்டோபர்: தம்பி மாரடைப்பால் இறந்தான். அதே மாதம்: கருமாதிப் படையலில் அவனுடைய உரிமம் பெற்ற இரண்டு ரிவால்வர்களும் மற்றப் பொருட்களோடு வைக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமும் இடப்பட்டு, தோலுறைகளுக்குள் திரும்பின. நவம்பர்: உரிமம் அவனோடு முடிந்ததால், காவல் நிலையத்தில் ஒப்படைப்பதற்காக அவற்றை நான் வெளியே எடுத்தேன்.

அடைமழைக் காலம். ஒன்று எங்கள் தந்தை வைத்திருந்தது, நிக்கல் பூசியது. மற்றது நீலமேற்றியது; தன் பீங்கான் ஆலைக்கும் கம்மாபுரத்து நிலத்துக்கும் தம்பி நாள்தோறும் இடுப்பில் கட்டிச் சென்றது. நிக்கலின் மேல் காய்ந்திருந்த சந்தனம் துணி பட்டதும் உதிர்ந்தது. ஆனால் உறை உரசிய குழல்முனையில் நிக்கல் செதிலாக எழும்பி, அதன் அடியில் துரு ஓடியிருந்தது. நீலத்திலோ பொட்டு இருந்த இடமே செந்துருவாகியிருந்தது.

"நான்தான் மாமா வச்சேன்," என்றாள் தம்பியின் மனைவி. "அவரு தொட்ட பொருளாச்சேன்னு வச்சிட்டேன். கெடுத்துட்டேனா?"

"துப்பாக்கிக்குப் பொட்டு வச்ச ஒரே வூடு நம்ம வூடுதான் பெரியப்பா," என்றான் அவள் மகன். "தேங்கா ஒடைக்கலன்னு சந்தோசப்படுங்க. துப்பாக்கிக் கடைக்காரருகிட்ட சொல்லிட்டேன். மொத்தமா தேய்ச்சி, திரும்ப நீலம் ஏத்திப் புதுசாக்கிடுவாராம்."

பீங்கானின் மேற்பூச்சைப் பற்றிப் பல்லாண்டுகள் கற்பித்தவன் நான். ஒரு பூச்சு அடியிலுள்ள உடலைவிட்டு எங்கே பிரியும் என்பதை அறிவேன். ஆயினும் அந்த நீலத்துக்கு அது உதவவில்லை. அது பூச்சே அன்று. இரும்பு தன்மேல் தானே வளர்த்துக்கொண்ட, அடக்கப்பட்ட ஒரு துரு. ஆகையால் அது உரிவதில்லை, மெலிகிறது. குழல்முனையின் இருபுறமும், தோட்டா உருளையின் விளிம்பிலும், கருநீலம் சாம்பலாகி, சாம்பல் வெள்ளியாகி, எல்லை எதுவென்று காட்டாமல் கரைந்திருந்தது. எனக்குத் தெரிந்து தம்பி அதை யார்மீதும் உருவியதில்லை. நடந்தான், பைக்கில் ஏறினான், சூளைவாயில் குனிந்தான். அவ்வளவே. அந்த அசைவுகளே இரும்பை இப்படி வெளுக்கச் செய்திருந்தன.

அவள் அந்த வெளுப்பைப் பார்த்தாள்.

"தேய்ச்சா இதுவும் போயிடுமா மாமா?"

"போயிடும்மா."

"அப்ப துரு மட்டும் போனா போதும். இது இருக்கட்டும்."

மகன் மறுக்கவில்லை. எண்ணெய் தொட்ட துணியால் செந்துருவை மட்டும் எடுத்தேன். அந்த இடத்தில் நுண்ணிய குழிகள் எஞ்சின. அவற்றை அவள் விரலால் தடவிப் பார்த்தாள்.

அன்று செய்யாமல் நின்றவை:

கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்வது.

தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், உறையைத் தனியாக வைக்கவேண்டும் என்று நிலைய எழுத்தருக்கு விளக்குவது.

மகன் பெயரில் உரிமம் கோரும் மனு.

வெளுத்த குழல்முனைக்கு எண்ணெய் இடுவது. அவன் நடந்து தேய்ந்த இடத்தில் என் துணியை வைக்கக் கை எழவில்லை.