அத்தைக்காக எடுத்த லீவு

என் மாமியாரைப் பார்த்துக்கொள்ள நாற்பது நாள் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தபோது, எங்கள் அலுவலகத்தில் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார்கள். விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் உதவியாளர். வீடு திண்டிவனத்தில். தினமும் ரயிலில் போய் வருகிறவன்.

அத்தை விழுப்புரத்தை அடுத்த காணைக்குப் பக்கத்தில் தனியாக இருந்தார். மாமா போன பிறகும் நிலத்தை யாருக்கும் விடாமல் தானே மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டுக்கொண்டிருந்தவர். ஒரு நாள் காலையில் மோட்டார் கொட்டகைக்குப் போகும்போது வரப்பில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். அங்கே இருந்த நாளெல்லாம் அவருடைய ஒரே பெண்ணான என் மனைவிதான் கூட இருந்தாள். அவளுக்கு ஷூ கம்பெனியில் தையல் வேலை. வருஷத்துக்கென்று கொடுக்கும் கொஞ்ச லீவும் அதிலேயே தீர்ந்துபோனது. இனி எடுத்தால் சம்பளம் இல்லை. நாலு நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் அந்த மெஷினில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார்கள்.

எனக்கு ஈட்டிய விடுப்பு நிறைய இருந்தது, முழுச் சம்பளத்தோடு. வீட்டில் யாருக்கு லீவு இருக்கிறதோ அவர்தானே பார்க்க வேண்டும்?

கண்காணிப்பாளர் அம்மா என் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "காரணம் 'சொந்த அலுவல்'னு போட்டா போதுமே. மாமியாரு, தொடை எலும்பு, இதெல்லாம் எதுக்கு?"

"அதாங்க மேடம் காரணம்."

அவர் பேனாவை எடுத்தார். "சரி, இருக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டார். பக்கத்து மேஜை நண்பர்தான் விடவில்லை. "மாமியாருக்கு லீவு போட்ட மொத ஆளு நீதான்யா."

ஆஸ்பத்திரியிலிருந்து அத்தையைத் திண்டிவனத்துக்கு எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தோம். முதல் மூன்று நாள் எல்லாம் நன்றாகப் போவதாகவே நினைத்தேன். காலை ஐந்தரைக்கு மனைவி அம்மாவைக் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவாள். அதன் பிறகு நான். கஞ்சி, மாத்திரை, காலை மடக்கி நீட்டும் பயிற்சி. அத்தை எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் வைத்த சொம்புத் தண்ணீர் மத்தியானம் வரை அப்படியே இருந்தது. கேட்டால் "தாகமே இல்ல மாப்ள" என்பார். மூன்றாம் நாள் உதடு வெடித்து, எழுந்து உட்கார்ந்ததும் தலை சுற்றுகிறது என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீர் குடித்தால் பாத்ரூமுக்குப் போக வேண்டும். போக வேண்டுமென்றால் மாப்பிள்ளையைக் கூப்பிட வேண்டும். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் என் எதிரில் நாற்காலியில்கூட உட்காராதவர் அவர்.

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "அத்தை, பாத்ரூம் வாசப்படி வரைக்கும் புடிச்சிக்கினு வர்றேன். நீங்க உள்ள போயி கதவச் சாத்திக்கோங்க, தாப்பா மட்டும் போடாதீங்க. நான் தெருவுல போய் நிக்கிறேன். முடிஞ்சதும் ஒரு கொரல் குடுங்க, வந்துடறேன்."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "இன்னான்னு கொரல் குடுக்கறது?"

"மாப்ளன்னுதான். வேற இன்னா?"

மறுநாளே ஆளைக் கூட்டிவந்து பாத்ரூம் சுவரில் இரண்டு கைப்பிடி அடித்தேன். முதலில் அவர் கூப்பிட்டது தெருவில் நின்ற எனக்கே கேட்கவில்லை. ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. நாலு கழனி தாண்டி ஆளைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. எதிர்வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "சார், அத்தை கூப்புடறாங்க" என்பார்.

பிறகு பேச்சும் வந்தது. நான் சாம்பாரில் உப்பை அள்ளிப் போடுவதாகச் சொன்னார். வெங்காயத்தைக் கட்டிலுக்குக் கொண்டுவரச் சொல்லித் தானே நறுக்கினார். நான் வாக்கரின் பின்னால் நடக்க, அவர் அடியெடுத்து வைத்துக்கொண்டே காணைப் பக்கத்து ஊர் நியாயமெல்லாம் பேசினார்.

ஒரு நாள் சாயந்தரம் மனைவி வந்து, "அம்மா, எந்த மாத்திரை இப்ப?" என்று கேட்டாள். அத்தை சாதாரணமாகத்தான் சொன்னார், "உனக்குத் தெரியாது, அவர கேளு." மனைவி சமையலறைக்குள் போனாள். நான் பின்னால் போனபோது குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"எங்கம்மாவுக்கு எந்த மாத்திரைன்னு எனக்குத் தெரியல. நீங்க பாத்துக்கினு இருக்கீங்க. நான் எவனோ போடற ஷூவத் தச்சிக்கினு இருக்கேன்."

எனக்குக் கிடைத்த லீவு அவளுக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும். அதை அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலேயே ஏதாவது வேலை சொல்லிக்கொண்டு வெளியே போய்விடுவேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ, ஒரு முடிவெட்டு, நண்பர் வீடு. அவர்கள் இருவரும் அன்று என்ன பேசினார்கள் என்று நான் கேட்டதில்லை.

நாற்பது நாள் முடிந்து வேலையில் சேர்ந்தேன். அதற்குள் அத்தை வாக்கரோடு தனியாகப் போய்வரத் தேறியிருந்தார். மத்தியானம் எதிர்வீட்டு அம்மா எட்டிப்பார்த்துக்கொண்டார். பத்து நாள் கழித்து, ஃபைலும் கையுமாக இருந்தபோது அத்தையிடமிருந்து போன்.

"மாப்ள, வாக்கரு இல்லாம வாசல் கேட்டு வரைக்கும் போய்ட்டு வந்துட்டேன். நீங்கதான் பாக்கல."

கையிலிருந்த ஃபைலை மேஜையில் வைத்தேன். பிறகு கேட்டேன். "உங்க பொண்ணுகிட்ட சொன்னீங்களா?"

"அவளுக்குத்தான் கம்பெனியில போனு எடுக்க விடமாட்டாங்களே."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க அத்தை. எனக்குச் சொன்னதச் சொல்லாதீங்க. அவ வந்ததும் அவ எதிர்ல மொதல்முறையா நடக்கற மாதிரி நடங்க."

"சரி மாப்ள" என்றார்.

அன்று நான் வீடு சேர ஏழு மணி. கேட்டுக்கு வெளியே மனைவி நின்றுகொண்டிருந்தாள், கம்பெனி அடையாள அட்டையைக்கூடக் கழுத்திலிருந்து கழற்றவில்லை.

"ஏங்க, அம்மா நடந்துடுச்சி. வாக்கரு இல்லாம. நான் வந்து கேட்டத் தொறக்கறேன், என்னைப் பாத்து நேரா நடந்து வருது. நீங்க இல்லாமப் போய்ட்டீங்களே."

"நெஜமாவா?" என்றேன். "நம்பவே முடியலியே" என்று வேறு சேர்த்துக்கொண்டேன். உள்ளே கட்டிலில் அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் நுழைந்தும் நிமிரவில்லை. குனிந்த தலையோடு சிரித்துக்கொண்டிருந்தது மட்டும் தெரிந்தது.