உட்கார மறுத்தவள்

மும்பைக்கு அப்பால் போசரி தொழிற்பேட்டையில் இருபத்தாறு வருஷம் நின்றுகொண்டே சரக்குச் சோதித்தவள் கனகவல்லி. அவள் வேலை பார்த்த பேரிங் கம்பெனியில் சோதனை மேசை முன் நாற்காலி போட விடமாட்டார்கள். உட்கார்ந்தால் கண் அசந்துவிடுமாம். புருஷன் போன பிறகு அந்த நின்ற காலோடுதான் மகன் முகுந்தைப் படிக்க வைத்து சிகாகோ வரை அனுப்பினாள். அவளைத்தான் அவன் டிக்கெட்டில் நடக்க முடியாதவள் என்று போட்டுவிட்டான்.

2004இல், பேத்தி பிறந்த சமயம். மும்பையிலிருந்து பிராங்பர்ட் ஒன்பது மணி நேரம், அங்கே மூன்று மணி நேரம் காத்திருப்பு, பிறகு சிகாகோவுக்கு ஒன்பதரை மணி நேரம். மொத்தம் பதிமூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். தாபோடியில் அவள் குடியிருந்த வீட்டுக்குப் போன் செய்து இத்தனையும் ஒப்பித்தவன், கடைசியில் மெல்ல விஷயத்தை அவிழ்த்தான்.

“வீல்சேர் சொல்லிருக்கேம்மா. பிராங்பர்ட்ல தொலைஞ்சு போயிருவ. உக்காந்தா அவங்களே தள்ளிட்டுப் போயி அடுத்த பிளைட்ல ஏத்திருவாங்க.”

“ஏலே, என் காலுக்கு என்னல?”

“ஒண்ணுமில்லம்மா. இங்க வர்ற எல்லா அம்மாவும் அப்படித்தான் வர்றாங்க.”

பக்கத்து வீட்டு மல்லிகாவும் அவன் கட்சிதான். “நானும் அப்படித்தான் போனேங்க்கா. லைன்ல நிக்கவே வேண்டாம். ஏக்தம் ஆராம், ஒரு கஷ்டமும் இல்ல.”

“நிக்கதுக்கு எனக்குச் சொல்லித் தரணுமா?” என்று கதவைச் சாத்தினாள் கனகவல்லி. உள்ளே போனதும் அழுகை வந்தது. வழி தெரியாதவள் என்றதைக்கூடப் பொறுத்திருப்பாள்; நடக்க முடியாதவள் என்று போட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பிராங்பர்ட்டில் விமான வாசலிலேயே அவள் பெயர் எழுதிய அட்டையோடு சக்கர நாற்காலி நின்றது. தள்ளுகிறவன் இருக்கையைத் தட்டிக் காட்டினான். “நஹி சாஹியே” என்று இந்தியில் வேண்டாமென்றாள். அவனுக்கு விளங்கவில்லை. புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, அவன் முன்னாலேயே நாலு எட்டு நடந்து காட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே வழிவிட்டான்.

அதற்கப்புறம்தான் வினை. பயணச் சீட்டில் போட்டிருந்த வாசலை ரெண்டு மணி நேரம் சுற்றிக் கண்டுபிடித்துப் போனால் அங்கே ஈ காக்கை இல்லை. புறப்பட ஐம்பது நிமிஷம்தான் இருந்தது. பேசாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாமோ என்று தோன்றியது. தொலைந்தால் முகுந்த் சொன்னது சரியாகிவிடும். அந்த நினைப்புதான் அவளை உசுப்பியது. இங்கிலீஷ் பேச வராவிட்டால் என்ன? பேரிங் பெட்டிகளில் எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்த கண்தானே! அறிவிப்புப் பலகை முன் நின்று, சீட்டில் இருந்த விமான எண்ணை ஒவ்வொன்றாகப் பொருத்தினாள். வாசல் மாறியிருந்தது. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கட்டடத்தின் மறுகோடிக்கு மூச்சிரைக்க நடந்தாள். கதவு சாத்துவதற்குள் போய்விட்டாள்.

சிகாகோவில் வெளியே வரும் சக்கர நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான் முகுந்த். பின்னாலிருந்து அவன் முதுகில் ஒரு தட்டு விழுந்தது.

“அம்மா! வீல்சேர் எங்க?”

“திரும்பிப் போற டிக்கெட்லயும் அதப் போட்டிருக்கியால?”

அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

“மொதல்ல பிளைட்டுக்காரங்களுக்குப் போனப் போட்டு அத எடுக்கச் சொல்லு. எங்கம்மா நடப்பான்னு சொல்லு.”

அவன் சொல்லி முடிக்கும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.