மேகத்தின் மகன்

"ஆ காட்டு கண்ணு... அவ்ளோதான், முடிஞ்சிடுச்சு." புதிதாக வந்த பெண் பூனையின் தாடையைக் கட்டைவிரலால் தாங்கி, பஞ்சுக்குச்சியைக் கன்னத்தின் உட்புறம் மெல்ல உருட்டுகிறார் பூனையக்கா. பூனை சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆன பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். குச்சியை உலர்த்தி, உறையிலிட்டு, மரபணுச் சோதனைக்கு அனுப்புவார். முடிவு வரும்வரை எந்தப் பூனையையும் ஜோடி சேர விடமாட்டார்.

வீட்டில் பூனை வளர்த்துக் குட்டிகளை விற்பது தனி; தொழில், பல் செட் செய்வது. பகலெல்லாம் அடுத்தவர் ஈறுகளின் அச்சோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தால் இங்கேயும் வாய்தான். "என்கிட்ட ஒரு நாளாவது இப்படிக் கொஞ்சியிருக்கியா?" என்பார் கணவர். "நீங்கதான் திறந்த வாய மூடுறதே இல்லையே!"

முன்பு அக்காவுக்கு இந்தச் சோதனையெல்லாம் தெரியாது. மேகம் என்ற புகைநிறப் பாரசீகப் பூனை ஆறு வயதில் சுருண்டு படுத்தபோதுதான், சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டி என்றார் மருத்துவர். பரம்பரை நோய், தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். மேகம் போன மறுவாரமே, அதன் குட்டிகளை வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் அக்கா போன் போட்டார். "உங்க பூனைக்கும் இருக்கலாம். ஒரு தடவ பாத்துடுங்க." இரண்டு பேர் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். ஒருவர் அழுதார்.

வீட்டில் மிஞ்சியது மேகத்தின் கடைசிக் குட்டி, ஆண். அம்மாவை உரித்து வைத்தாற்போல் இருப்பான். கூப்பிட்டால் அவளைப் போலவே சத்தம் வராமல் வாயை மட்டும் திறப்பான். இவன் வழியாக மேகம் திரும்பி வந்துவிடுவாள் என்று அக்கா ஏங்கிக் கிடந்தார். இன்னும் பிறக்காத குட்டிகளுக்குப் பெயர்கூட யோசித்து வைத்திருந்தார்.

அவனுடைய பஞ்சுக்குச்சியையும் சோதனைக்கு அனுப்பினார்; மூன்று வாரத்தில் முடிவு வந்தது. அவனுக்கும் இருந்தது.

"இந்த நிறம் லேசுல கெடைக்காதுக்கா. ஒரே ஒரு தடவ சேத்துக்கலாம். ரிசல்ட்ட யாரு பாக்கப் போறா?" என்றார், பூனை வளர்க்கும் இன்னொருவர்.

"நான் பாத்துட்டேனே, தம்பி."

வாய் சொல்லிவிட்டது, மனசு கேட்கவில்லை. கருத்தடைக்கு நாள் குறிக்க மருத்துவமனைக்கு மூன்று முறை போன் செய்து, அந்தப் பக்கம் எடுக்குமுன் வைத்துவிட்டார். நான்காவது முறை கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பேசினார்.

அறுவை முடிந்த அன்று மாலை, மயக்கம் தெளியாதவன் நாக்கு நுனி வெளியே தெரிய அவர் மடியில் கிடந்தான். அக்கா அவன் விலாவுக்குக் கீழே, சிறுநீரகம் இருக்கும் இடத்தில், இருபுறமும் விரல் வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தார். இந்த வயதில் கட்டி எதுவும் கைக்குத் தட்டுப்படாது என்று மருத்துவர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். விரலைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடியும் அழுத்திப் பார்த்தார்.